பக்கத்து மரத்தை ஒடுக்கி வளரும் குளோன்: தேர்வில் இதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

கேள்வி: வடலூர்_சவுக்கு

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டத்தில் மணற்பாங்கான நிலத்தில் ஒரு சவுக்கு குளோன் ஒப்பீட்டுத் திடலைக் கவனித்துக்கொள்கிறேன் (குளோன் என்றால் ஒரே தாய் மரத்திலிருந்து விதையில்லாமல் பெருக்கிய, மரபில் ஒன்றேயான மரங்கள்). 30 குளோன்கள், 8 ரெப்ளிகேஷன் (அதாவது எட்டு முறை திரும்ப நட்டது). ஒவ்வொரு ரெப்ளிகேஷனிலும் ஒரு குளோனுக்கு ஒரே ஒரு மரம், ஆக மொத்தம் 240 மரம். இடைவெளி ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர். சுற்றிலும் ஒரு வரிசை ஓர மரம். நட்டு இரண்டரை வருடம் ஆகிறது.

எனக்குத் தலைவலி கொடுப்பது 17-ம் எண் குளோன். மார்பளவு உயரத்தில் சுற்றளவு எடுத்தால் எட்டு இடத்திலும் முதல் மூன்றுக்குள் வருகிறது. பட்டியலைப் பார்த்ததுமே எங்கள் பொறுப்பாளர் "இதைத்தான் நாற்றங்காலில் பெருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். ஆனால் திடலுக்குள் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. 17 நிற்கிற இடமெல்லாம் அதன் கிளைகள் அடுத்த மரத்தின் தலைக்குள் நுழைந்திருக்கின்றன. சுற்றியுள்ள மரங்கள் விரல் தடிமன் குறைந்து, ஒரு பக்கம் கிளையே இல்லாமல் நிற்கின்றன. 8-ம் எண் இதற்கு நேர்மாறு. குறுகலான தலை, குச்சி போல் நேரே போகிறது, பட்டியலில் 13-வது இடம். ஆனால் அதன் பக்கத்தில் நிற்கிற எந்த மரமும் நோஞ்சானாக இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வரிசை, பத்தி எண்களை வைத்து, மரம் நிற்கிற இடத்தையும் கணக்கில் சேர்க்கும் இடஞ்சார்ந்த மாதிரி (மாடல்) போட்டுப் பார்த்தேன். முதல் வருட உயரத்தில், அடுத்தடுத்த மரங்களின் எச்சங்களுக்கு (குளோனின் பங்கைக் கழித்தபின் மிஞ்சுகிற வித்தியாசங்களுக்கு) இடையே ஒட்டுறவு நேர்க்குறியில் வந்தது. இப்போதைய சுற்றளவில் அதுவே எதிர்க்குறியாகிவிட்டது. "ஏதோ தரவுப் பிழை, திரும்ப உள்ளிடு" என்கிறார்கள். திரும்ப உள்ளிட்டும் அதேதான் வருகிறது.

விவசாயி நடும்போது ஏக்கர் முழுக்க 17 மட்டும்தான் நிற்கும். அப்போது அது யாருடைய இடத்தைப் பிடித்துப் பெருக்கும்? என் சந்தேகம் சரிதானா? சரியென்றால், இருக்கிற தரவிலிருந்தே இதைப் பிரித்தெடுக்க வழி உண்டா?

---

பதில்: கரும்புத்தோகை

தம்பி, தரவை இனிமேல் உள்ளிட வேண்டாம். அந்த எதிர்க்குறி பிழை இல்லை. அதுதான் உங்கள் திடல் சொல்கிற சேதி. மண் வளம் திட்டுத் திட்டாக இருந்தால் பக்கத்துப் பக்கத்து மரங்கள் சேர்ந்தே நன்றாக இருக்கும், இல்லையென்றால் சேர்ந்தே மோசமாக இருக்கும், அதனால் நேர்க்குறி. தலைகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கியதும் ஒன்று ஏற, பக்கத்தது இறங்கும், அதனால் எதிர்க்குறி. முதல் வருடம் மண் பேசியது, இப்போது மரங்கள் பேசுகின்றன.

நான் பணியில் இருந்த காலம் முழுக்கக் கரும்போடுதான் இருந்தேன். கரும்பில் இந்தத் தொல்லை ஆரம்பக் கட்டத் தேர்வில் வரும். நூற்றுக்கணக்கில் புதிய குளோன்கள் இருக்கும், விதைக்கரணை கொஞ்சம்தான் இருக்கும், அதனால் ஆளுக்கு ஒரு பார் (ஒரு வரிசை) என்று நடுவோம். நெட்டையாக, சீக்கிரம் எழும்புகிற குளோன் இரண்டு பக்கத்துப் பாரின் வெயிலையும் வாங்கிக்கொள்ளும். அறுவடை எடையில் அது மேலே நிற்கும், பக்கத்தது கீழே போகும். அடுத்த கட்டத்தில் அதையே ஆறு பார், எட்டு பார் என்று தனியாக நட்டு, ஓரப் பார்களை ஒதுக்கிவிட்டு நடுப் பார்களை மட்டும் எடை போட்டால் பாதிப் பெயர்கள் இடம் மாறியிருக்கும். ஆஸ்திரேலியாவில் ஸ்டிரிங்கர், கல்லிஸ் ஆகியோர் கரும்புத் திடல்களுக்காகவே, மண் போக்கையும் பார்களுக்கு இடையிலான போட்டியையும் ஒரே மாதிரியில் சேர்த்துப் பார்க்கும் வேலையைச் செய்தார்கள். ஒரு பார் நடவில் நாங்கள் பிரிக்ஸை (சாற்றின் சர்க்கரை அளவை) எப்போதும் நம்புவோம், எடையைப் பாதிதான் நம்புவோம். சர்க்கரை அளவைப் பக்கத்துப் பார் அவ்வளவாக அசைப்பதில்லை, கரும்பின் எடையைத்தான் அசைக்கும்.

உங்கள் மரத்திலும் இப்படி ஒரு பிரிவினை உண்டு. நெருக்கடியில் முதலில் அடிபடுவது சுற்றளவு. உயரம் அவ்வளவு சீக்கிரம் அடிபடாது. ஆகவே உயரப் பட்டியலையும் சுற்றளவுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 17 உயரத்தில் நடுத்தரமாகவும் சுற்றளவில் முதலாகவும் இருந்தால் அது என்ன செய்கிறது என்று ஓரளவு விளங்கிவிடும்.

பழைய கதை ஒன்றும் சொல்கிறேன், பொறுப்பாளரிடம் பேச உதவும். கலிபோர்னியாவில் சுனேசன் என்ற பார்லி ஆய்வாளர் நான்கு ரகங்களைச் சம அளவில் கலந்து விதைத்தார். 1933-ல் தொடங்கி, எந்தத் தேர்வும் செய்யாமல் அறுத்ததையே மறுபடி விதைத்துக்கொண்டு போனார். 16 வருடம் கழித்துப் பார்த்தால் அட்லஸ் என்ற ரகம் கலவையில் 88 சதவீதத்தைப் பிடித்திருந்தது. வான் என்ற ரகம் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. ஆனால் தனித்தனியாக நட்டபோது விளைச்சலில் முந்தியது அந்த வான்தான்! கூட்டத்தில் ஜெயித்தது வேறு, வயலை நிறைத்தது வேறு. 1949-ல் இது அச்சில் வந்தது. எனக்குத் தெரிந்து, பயிர்ப்பெருக்கம் படிக்கிற ஒவ்வொருவரும் முதல் மாதத்திலேயே படிக்க வேண்டிய தாள் அது.

நெல்லில் வந்தது இன்னும் பெரியது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் ஜென்னிங்ஸும் அவரோடு இருந்தவர்களும் 1968-ல் நெல்லின் போட்டித் திறனைப் பற்றி வரிசையாகத் தாள்கள் எழுதினார்கள். நெட்டையும் குட்டையும் கலந்த கூட்டத்தை அப்படியே விட்டால் குட்டை சில தலைமுறையிலேயே காணாமல் போகும். தனியாக நட்டால் விளைச்சலில் முன்னே நிற்பது குட்டைதான். பீட்டா என்ற நெட்டை ரகத்தையும் தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் சேர்த்து 1966-ல் வந்த ஐ.ஆர். 8-ஐ நினைத்துப் பாருங்கள். கலந்து நட்டு, பெரிதாக நிற்கிற செடியைப் பிடுங்கி எடுப்பதுதான் தேர்வு என்று இருந்திருந்தால் அது நம் கைக்கே வந்திருக்காது. அதே 1968-ல் ஆஸ்திரேலியாவின் டொனால்ட், கோதுமையில் நமக்கு வேண்டியது பலவீனமான போட்டியாளர் என்றே எழுதினார். குட்டைத் தண்டு, நிமிர்ந்த சிறிய இலைகள் கொஞ்சம், தூர் கட்டாத ஒற்றைத் தண்டு. தன்னைப் போன்றவற்றோடு நெருங்கி நிற்கத் தெரிந்த செடி.

உங்கள் 8-ம் எண் வர்ணனையைப் படித்ததும் எனக்கு டொனால்டின் கோதுமைதான் ஞாபகம் வந்தது. 17-ஐ இந்த வருடமே விவசாயி கையில் கொடுக்காதீர்கள். கணக்கு வழியை இங்கே இருக்கிற வேறு யாராவது சொல்லட்டும்.

---

பதில்: கலப்புமாதிரி

கரும்புத்தோகை ஐயா சொன்னதற்குப் பிறகு எனக்கு இருப்பது கணக்கு மட்டும்தான். இருக்கிற தரவிலேயே பிரிக்கலாம். சொல்லப்போனால் ஒற்றை மரத் திடல் இதற்கு நல்லது. 17-க்குப் பக்கத்தில் எட்டு இடங்களில் வெவ்வேறு குளோன்கள் நிற்கின்றன. அந்தக் கலவை இருப்பதால்தான் பிரிக்கவே முடிகிறது.

அடிப்படை எண்ணம் கிரிஃபிங் 1967-ல் எழுதியது. ஒரு மரபணுவகைக்கு இரண்டு விளைவுகள் உண்டு. தன் உடம்பில் காட்டுவது நேர் விளைவு, பக்கத்தில் நிற்பவரின் உடம்பில் காட்டுவது இணை விளைவு. பந்தியில் ஒருவர் தன் இலையில் எவ்வளவு வாங்கினார் என்பது முதலாவது, பக்கத்து இலையில் எவ்வளவு குறைந்தது என்பது இரண்டாவது. வழக்கமான பகுப்பாய்வு முதலாவதை மட்டும் பார்க்கிறது, இரண்டாவதைப் பிழைக்குள் தள்ளிவிடுகிறது. மரங்களுக்கு இதை 2008-ல் கப்பா, கன்டெட் என்ற அர்ஜென்டினா ஆய்வாளர்கள் ஒழுங்காக வடித்துக் கொடுத்தார்கள்.

உங்கள் திடலுக்கு அதை அப்படியே போடலாம். ஒரு மரத்தைச் சுற்றி எட்டுப் பேர். நான்கு பேர் 1.5 மீட்டரில், மூலைவிட்டத்தில் நான்கு பேர் 2.12 மீட்டரில். தூரம் கூடக் கூட, கணக்கில் அந்த மரத்துக்குக் கொடுக்கிற எடை குறைய வேண்டும், எட்டு எடைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 வர வேண்டும். அப்படி வைத்தால் நேர்ப் பக்கத்து மரம் ஒவ்வொன்றுக்கும் 0.408, மூலை மரம் ஒவ்வொன்றுக்கும் 0.289. ஒவ்வொரு மரத்தின் வரியிலும், அதன் எட்டுப் பக்கத்துக் குளோன்களுக்கு நேரே இந்த எடைகளை எழுதினால் இரண்டாவது வடிவமைப்பு அணி (எந்த மரத்தின் மேல் எந்தக் குளோன் எவ்வளவு அழுத்துகிறது என்ற அட்டவணை) தயார். குளோனின் நேர் விளைவையும் இணை விளைவையும் தற்செயல் விளைவுகளாகப் போட்டு, இரண்டுக்கும் இடையே உடன்மாறுபாட்டையும் (இரண்டும் சேர்ந்து மாறும் அளவையும்) மதிப்பிட விடுங்கள். ஏஎஸ்ரெமல் என்ற புள்ளியியல் மென்பொருளில் செய்யலாம். இலவசமாக வேண்டுமென்றால் ஆர் என்ற கணினி மொழியில் பிரீட்ஆர் என்ற தொகுப்பு இருக்கிறது, அதில் போட்டி மாதிரி உள்ளேயே உண்டு.

முக்கியமான இடம் இனிமேல்தான். ஏக்கர் முழுக்க ஒரே குளோன் நின்றால், எட்டுப் பக்கத்திலிருந்தும் அதே குளோன்தான் அழுத்தும். எட்டு எடைகளையும் கூட்டுங்கள்: 2.79 வரும். ஆகவே நீங்கள் வரிசைப்படுத்த வேண்டிய மொத்த மதிப்பு என்பது நேர் விளைவோடு 2.79 மடங்கு இணை விளைவைக் கூட்டியது. எடுத்துக்காட்டுக்கு, ஒரு குளோனின் நேர் விளைவு +3.0 செ.மீ., இணை விளைவு −0.9 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.5-ஐத் தாண்டாது. இன்னொன்றின் நேர் விளைவு +1.2 தான், ஆனால் இணை விளைவு +0.1. மொத்தம் 1.5-க்குக் கிட்ட வரும். சின்னதாகத் தெரிகிற அந்த −0.9 மூன்று செ.மீ. முன்னிலையைக் கிட்டத்தட்ட முழுசாகத் தின்றுவிடுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று உங்கள் பொறுப்பாளர் சொன்னால், யூகலிப்டஸ் குளோபுலஸ் ஆய்வைக் காட்டுங்கள். ஊட்டிப் பக்கம் நிற்கிறதே, அதே தைலமரம். கோஸ்டா இ சில்வா, பாட்ஸ், பைமா முதலியோர் 2013-ல் வெளியிட்டது. வளர்ச்சியில் நேர் விளைவுக்கும் இணை விளைவுக்கும் வலுவான எதிர் ஒட்டுறவு இருந்தது. அதைக் கணக்கில் எடுத்ததும் வளர்ச்சிக்கான மரபுவழி மாறுபாடு 85 சதவீதம் குறைந்தது. வயது ஏற ஏறப் பக்கத்து மரத்தின் பங்கும் ஏறியது. பெரிய மரத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் தோப்பு முன்னேறாமல் போகலாம் என்பதுதான் இதன் பொருள், இதைப் படித்தபோது எனக்கு இரண்டு நாள் வேறு நினைப்பே ஓடவில்லை. அதே ஆய்வில் இலை நோயில் நடந்தது நேர் எதிர். நோய்க்கு இடம் கொடுக்கிற மரம் பக்கத்துக்கும் நோயைக் கொடுக்கிறது, அதனால் இரண்டு விளைவும் ஒரே திசையில் சேர்ந்து, மரபுவழி மாறுபாடு 71 சதவீதம் கூடியது. சவுக்கில் பட்டை கொப்புளித்துக் காயும் நோய்க்கு மதிப்பெண் போடுகிறீர்கள் என்றால் அங்கேயும் இதே மாதிரியைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரே ஒரு எச்சரிக்கை. மண் போக்கை மாதிரியில் சேர்க்காமல் போட்டியை மட்டும் சேர்க்காதீர்கள், போட்டியை விட்டுவிட்டு மண் போக்கை மட்டும் சேர்க்கவும் கூடாது. ஒன்று ஒட்டுறவை மேலே இழுக்கும், மற்றது கீழே இழுக்கும், இரண்டும் சமமானால் எதுவுமே இல்லாத மாதிரித் தெரியும். பல திடல்களில் போட்டி இப்படித்தான் கண்ணில் படாமல் போகிறது.

---

பதில்: மரக்காணம்_தோப்பு

சார், நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை, சவுக்கு போடுகிறவன். நீங்கள் எழுதியதில் பாதி புரிந்தது, புரிந்த பாதி எங்களுக்குத் தெரிந்ததுதான். வரப்பு ஓர மரம் எப்போதும் பெருக்கும். ஓரத்து மரத்தைப் பார்த்துத் தோப்பை விலை பேசுகிற வியாபாரி கிடையாது, உள்ளே நடந்துபோய்தான் பார்ப்பான். நீங்கள் 17-ஐ எட்டு இடத்தில் ஓர மரம் மாதிரி வளர்த்துவிட்டுப் பார்க்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

எங்களுக்கு வேண்டியது ஒரு மரத்தின் பெருமை இல்லை, மூன்று நான்கு வருடத்தில் ஏக்கருக்கு எத்தனை டன் என்பது. உங்கள் இடைவெளியில் ஏக்கருக்கு 1,800 மரம் வரும். எங்கள் பக்கம் இன்னும் நிறையப் பேர் மூன்றடிக்கு மூன்றடிதான் வைக்கிறார்கள், அதில் 4,800-க்கு மேல் போகும். அந்த நெருக்கத்தில் அகலத் தலை மரம் என்ன ஆகும்? பாதி மரம் நிழலில் குச்சியாக நின்று, வெட்டும்போது எடைக்கு உதவாமல் விறகுக்குப் போகும். எனக்கு 8-ம் எண்ணைக் கொடுங்கள் என்பேன். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு துண்டு நிலத்திலாவது அதையே மொத்தமாக நட்டு எடை போட்டுக் காட்டுங்கள். நாங்கள் நான்கு வருடம் நிலத்தைப் பூட்டி வைக்கிறோம், நடுவில் மாற்ற முடியாது.

இன்னொன்று, எங்கள் மணலில் சண்டை மேலே மட்டும் நடப்பதில்லை. சித்திரை, வைகாசியில் தண்ணீருக்குத்தான் சண்டை. தலை குறுகலாக இருக்கிற மரம் அடியில் எப்படி என்று வெளியே நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

---

வடலூர்_சவுக்கு

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி உயரப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 17 உயரத்தில் 11-வது. 8 உயரத்தில் 5-வது. கலப்புமாதிரி மேடம் சொன்ன எடைகளோடு மாதிரியையும் ஓட்டினேன். நேர், இணை விளைவுகளுக்கு இடையே ஒட்டுறவு எதிர்க்குறிதான். மொத்த மதிப்பில் 17 முதல் இடத்திலிருந்து ஒன்பதாவதுக்குப் போய்விட்டது. 8 மூன்றாவதுக்கு ஏறிவிட்டது. ஆனால் இணை விளைவுகளின் நியமப் பிழை (மதிப்பீட்டின் நிச்சயமின்மை) பெரிதாக இருக்கிறது, அதனால் மூன்றா ஐந்தா என்று அடித்துப் பேச எனக்குத் துணிவில்லை.

இரண்டு சந்தேகம். போன மழையில் 14 மரங்கள் சாய்ந்துவிட்டன, அந்தக் காலி இடங்களை என்ன செய்வது? இரண்டாவது, 17-ஐயும் 8-ஐயும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை நடலாமே என்று பொறுப்பாளர் கேட்கிறார்.

---

கலப்புமாதிரி

காலி இடத்துக்கு எடை பூஜ்யம். ஆனால் மீதி ஏழு பேரின் எடைகளை மறுபடி 1-க்குச் சரிக்கட்டுவதா, அப்படியே விடுவதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. சரிக்கட்டினால், ஒரு பக்கம் வெயில் கிடைத்தும் அந்த மரத்துக்கு நெருக்கடி குறையவில்லை என்று மாதிரி நினைத்துக்கொள்ளும். மரம் எப்போது சாய்ந்தது என்று உங்களுக்குத் தெரிகிறது, சாய்ந்து சில மாதம்தான் ஆகிறது. எனவே இந்த அளவீட்டுக்கு அவை நின்றிருந்ததாகவே வைத்து ஒரு முறை, காலி என்று வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். மேலே இருக்கிற ஐந்தாறு பெயர் இரண்டிலும் மாறாமல் இருந்தால் போதும். அடுத்த வருட அளவீட்டில் கட்டாயம் காலி என்றே வைக்க வேண்டும், பக்கத்து மரங்கள் அந்த இடத்தை அதற்குள் பிடித்திருக்கும். சுற்றியுள்ள ஓர மரங்களையும் அளந்து, அவை எந்தக் குளோன் என்று எழுதி மாதிரியில் சேருங்கள். இல்லையென்றால் வெளி வரிசையில் இருக்கிற உங்கள் மரங்களுக்குப் பக்கத்துக் கணக்கு அரைகுறையாகிவிடும்.

நியமப் பிழை பெரிதாக வருவது இயல்பு. குளோனுக்கு எட்டு மரம் இணை விளைவுக்குக் குறைவுதான். இந்தப் பட்டியலை வைத்து ஒருவரை முதலாவது என்று அறிவிக்க முடியாது, அடுத்த கட்டத்துக்கு யார் போகலாம் என்று மட்டும் முடிவு செய்யலாம்.

---

கரும்புத்தோகை

வரிசை விட்டு வரிசை யோசனை வேண்டாம் தம்பி. 17-க்கு 8-ஐ இரையாக வைப்பதாகத்தான் முடியும். இரண்டு குளோன் சேர்ந்து தனித்தனியாக நிற்பதைவிட அதிகம் கொடுக்கிற ஜோடிகள் இருக்கலாம், சவுக்கில் வேர் முடிச்சு வழியாகத் தழைச்சத்து சேர்கிற மரத்துக்கு அது நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் தனித் திடல் போட்டுப் பார்க்க வேண்டும், ஊகத்தில் விவசாயி நிலத்தில் செய்யக் கூடாது.

மரக்காணத்து நண்பர் கேட்டதுதான் சரியான அடுத்த வேலை. மேடத்தின் மொத்த மதிப்பில் முதல் ஐந்தை எடுங்கள், ஒப்பீட்டுக்காக 17-ஐயும் சேருங்கள். ஆறு குளோன், ஏழுக்கு ஏழு என்று 49 மரக் கட்டம், நான்கு ரெப்ளிகேஷன். 1,176 மரம், உங்கள் இடைவெளியில் 65 சென்ட் நிலம். ஒவ்வொரு கட்டத்திலும் வெளி வரிசையை ஒதுக்கி, உள்ளே இருக்கிற 25 மரத்தை மட்டும் அளந்து, கடைசியில் வெட்டி எடை போடுங்கள். எல்லா 30 குளோனையும் இப்படி நட வேண்டுமென்றால் மூன்றேகால் ஏக்கர் கேட்கும், யாரும் தர மாட்டார்கள். ஒற்றை மரத் திடலும் கணக்கும் சேர்ந்து 30-ஐ ஆறாகக் குறைத்துக் கொடுத்திருக்கின்றன, அந்த உபயோகம் பெரியது. முடிந்தால் இரண்டு ரெப்ளிகேஷனை மூன்றடி இடைவெளியில் கூடுதலாக நடுங்கள், அதற்கு 588 மரமும் 12 சென்ட் நிலமும்தான் வேண்டும். இடைவெளி மாறினால் யார் யாரை ஒடுக்குகிறார் என்பதும் மாறும்.

நடவு மழைக்கு முன் முடிய வேண்டுமென்றால் நாற்றங்காலில் இப்போதே சொல்லி வையுங்கள், ஆறு குளோனுக்கும் ஒரே வயது நாற்று கிடைக்க வேண்டும். ஒன்று மூன்று மாதம் மூத்ததாக வந்தால் மறுபடி இதே சிக்கல்தான்.